அக்காவுக்கு ஒரு கல்லீரல், எனக்கு ஒரு வாரம் காலிஃபிளவர்

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய என் அக்காவுக்கு, உன் ஒரே தம்பி பணிவோடு எழுதுவது:

இங்கே நான், என் வீட்டுக்காரி, விடுமுறைக்கு வந்துவிட்டுப் போன எல்லோரும் நல்ல சுகம். அங்கே நீ சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் நீ சுகமில்லை என்பது ஊருக்கே தெரிந்திருக்கும்போது அப்படிக் கேட்டால், 'ஏன்டா, கிண்டலா?' என்பாய். அதனால் அத்தான் சுகமா என்று கேட்டுக்கொள்கிறேன். அவருடைய இருமலையும் விசாரித்ததாகச் சொல்.

இந்தக் காலத்தில் எவனாவது உட்கார்ந்து கடிதம் எழுதுவானா என்று நினைப்பாய். வேறு என்ன செய்ய? போன் பண்ணினால், 'கல்லீரல்' என்று நான் வாயைத் திறப்பதற்குள், 'வேண்டாம்டா, நான் வாழ்ந்தது போதும்' என்று சொல்லி டக்கென்று வைத்துவிடுகிறாய். மறுபடி போட்டால் அத்தான் எடுத்து, 'அக்கா குளிக்கிறா' என்கிறார். ஒரு மனுஷி ஒரே நாளில் அத்தனை தடவை குளித்தால் சளி பிடிக்காதா? கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. பாதியில் மடித்து வைத்தாலும், மிச்சம் என்ன எழுதியிருக்கிறான் என்று தெரியாமல் உனக்குத் தூக்கம் வராது. உன்னை எனக்குத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய டாக்டர் சொன்னதில் நீ பாதியைத்தான் காதில் வாங்கினாய், மிச்சப் பாதியை அழுகையில் விட்டுவிட்டாய். என் ரத்த வகை உனக்குப் பொருந்துகிறது, என் கல்லீரலில் ஒரு பாகத்தை வெட்டி உனக்கு வைக்கலாம், வெட்டிய எனக்கும் வைத்த உனக்கும் அது தானாக வளர்ந்துகொள்ளும், அதெல்லாம் சரி. ஆனால் என் கல்லீரல் முழுவதும் கொழுப்பு படிந்து கிடக்கிறது, இந்த லட்சணத்தில் கத்தி வைத்தால் எனக்கும் ஆபத்து, உனக்கும் பிரயோஜனமில்லை, உடம்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், விடுமுறை முடிந்த கையோடு மறுபடி ஸ்கேன் பார்ப்போம், அதற்கு மேல் உங்கள் அக்காவால் காத்திருக்க முடியாது என்றார். 'உனக்குக் கொழுப்புடா' என்று நீ சின்ன வயதிலிருந்தே சொல்லிவந்ததை அவர் பெரிய மெஷின் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார். வாழ்நாளில் டீயைத் தவிர எதையும் தொடாத உனக்கு ஏன் கல்லீரல் போயிற்று, கண்டதையும் தின்ற எனக்கு ஏன் போகவில்லை என்று நான் கேட்டேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

அப்புறம் என்னைச் சாப்பாட்டு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். ஒல்லியான பெண். அவள் சிரித்துக்கொண்டே அரிசி கூடாது, ரொட்டி கூடாது, கிழங்கு கூடாது, சர்க்கரை கூடாது, பழச்சாறு கூடாது, பிஸ்கட் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனாள். "அப்ப என்னதாம்மா சாப்பிடறது?" என்றேன். "மத்ததெல்லாம் சாப்பிடலாம் சார்" என்றாள். மற்றது என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆனால் அக்கா, நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். முட்டை, மீன், கோழி, கீரை, வெண்ணெய் என்று வண்டி ஓடியது. முதல் சில நாள் தலைவலி, எரிச்சல், யாரைப் பார்த்தாலும் சண்டைக்குப் போகலாம் போல இருந்தது. பிறகு அடங்கிவிட்டது. பெல்ட்டில் புது ஓட்டை போட ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரியைப் பற்றி உன்னிடம் எழுதக் கூடாதுதான். நீங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி வருஷக்கணக்காகிறது. ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு, 'உன் பெண்டாட்டிகிட்ட கேளு, டீ இருக்கான்னு' என்று நீ சொல்வாய், 'உங்க அக்காகிட்ட சொல்லுங்க, பிளாஸ்க்ல இருக்குன்னு' என்று அவள் சொல்வாள், நான் நடுவில் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கிக்கொள்வேன். நீங்கள் முறைத்துக்கொள்ளக் காரணமான அந்த ஜன்னல் திரைச்சீலை விஷயத்தில் யார் யாரை என்ன சொன்னீர்கள் என்பதே எனக்கு மறந்துவிட்டது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, நாள் முழுவதும் அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறாள். என் கண்ணைப் பார்த்தே நான் பிஸ்கட் தின்றேனா இல்லையா என்று சொல்லிவிடுவாள். வீட்டில் இருந்த அரிசி, மாவு, சர்க்கரை, எல்லாவற்றையும் ஒரே நாளில் அக்கம்பக்கத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். சமையல் எப்போதும் போல என் கையில்தான். அவளுக்கு மட்டும் கொஞ்சம் சோறு வடிக்கிறேனே என்றேன். "எனக்குன்னு தனியா ஒரு சட்டி வெக்காதீங்க. உங்க தட்டுல இருக்கறதையே எனக்கும் போடுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நான் தின்பதைத்தான் அவளும் தின்கிறாள், முகத்தைச் சுளிக்காமல். நான் சுளித்தால் அதற்கும் திட்டு விழும்.

டிரைவிங் ஸ்கூல் வேலையை நீ உட்கார்ந்து தின்கிற வேலை என்பாய். அது உண்மைதான், அதிலும் லைசென்ஸ் வாங்கியவர்கள் எல்லோரும் நன்றி மறக்காமல் ஸ்வீட் பாக்ஸோடு வருவார்கள். இப்போது அதைத் தொட முடியாது, வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. இதைக்கூடச் சமாளித்துவிட்டேன். என் கஷ்டம் வேறு. கொஞ்ச நாளாக என்னிடம் கற்றுக்கொள்கிற அத்தனை பேருக்கும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பேக்கரி வாசலில்தான் பார்க்கிங் பயிற்சி நடக்கிறது. அது ஏன் என்று முதலில் எனக்கே புரியவில்லை. கார் கண்ணாடியை இறக்கினால் ரொட்டி வேகிற வாசனை வரும். கார் ஓரமாக ஒழுங்காக நின்ற பிறகும், "இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி என் ஜன்னலை அடுப்பு இருக்கிற பக்கம் கொண்டுபோவேன். ஒரு பல் டாக்டர் அம்மா என்னிடம் வண்டி கற்றுக்கொள்கிறார். பாவம், ரிவர்ஸ் மட்டும் வராது. "ஊர்ல பார்க்கிங் பண்ண வேற இடமே இல்லையா சார்? என் பேஷன்டெல்லாம் பாத்துட்டுப் போறாங்க" என்று அழாத குறையாகக் கேட்டார். நெருக்கடியான இடத்தில் பழகினால்தான் கை வரும் என்று அசடு வழியாமல் சமாளித்தேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகள் போன் பண்ணினாள். விடுமுறைக்கு மாமனார், மாமியாரோடு நான்கு பேராக வருகிறோம், ஒரு வாரம் இருப்போம் என்றாள். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், என்ன சமைத்துப் போடுவது என்ற கவலை ஒரு பக்கம். சம்பந்தி வீட்டார் எப்படிப்பட்ட சைவம் என்று உனக்குக் கல்யாணத்திலேயே தெரியும். முட்டை போட்ட கேக் இருந்த மேசையில் கை வைக்காதவர்கள். என் வீட்டுக்காரி அன்றே உத்தரவு போட்டுவிட்டாள்: "அவங்க போற வரைக்கும் ஒரு முட்டை ஓடுகூட இந்த வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது." சரி, அவர்களுக்கு மட்டும் சோறும் ரொட்டியும் செய்துவிட்டு நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றேன். "எதுக்கு? சட்டி கழுவற சாக்குல நின்னுக்கிட்டே தின்னுடறதுக்கா? விடுமுறை முடிஞ்ச மறுநாள் ஸ்கேன். ஒரு பருக்கை சோறு இந்த வீட்டுல வேகாது" என்றாள். ஆபரேஷன் விஷயத்தையும் சொல்லக் கூடாதாம். முதல் முதலாகத் தங்க வருகிறவர்கள் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும், நம்மைப் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது என்றாள். ஆக, விருந்தாளிகள் தொடாததைக் கழித்து, நான் தொடக் கூடாததையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது காலிஃபிளவர், காளான், கத்தரிக்காய், கீரை, சீஸ், கொஞ்சம் பாதாம். இதில் ஒரு வாரத்துக்கு விருந்துச் சாப்பாடு சமைக்க வேண்டும், அது பத்தியச் சாப்பாடு என்று யாருக்கும் தெரியவும் கூடாது. யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

ஒத்திகை பார்த்துவிடலாம் என்று, அவர்கள் வருவதற்கு முன்னால் ஒரு நாள் பெரிய பாத்திரத்தில் காலிஃபிளவரை வேகவைத்தேன். உருளைக்கிழங்கு போல மசித்து வெண்ணெய் போட்டு வைப்பதாகத் திட்டம். கொஞ்சம் கூடுதலாக வெந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் மாடி வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து, "உடனே ஸ்டவ்வை அணைங்க, கேஸ் லீக்!" என்று கத்தினார். இல்லை சார், இது காய்கறி என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார். இரண்டு பேர் கருவியோடு வந்து மூலை முடுக்கெல்லாம் நீட்டிப் பார்த்தார்கள். கருவி வாயைத் திறக்கவில்லை. அவர்களில் மூத்தவர் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இவ்வளவு பூவை ஒரே தடவையில வேக வெச்சா எங்க மெஷினைத் தவிர எல்லாரும் ஏமாறுவாங்க. தண்ணியில கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடுங்க, சீக்கிரம் எடுத்துடுங்க" என்றார். திட்டப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டு நின்றவனுக்குச் சமையல் குறிப்பு கிடைத்தது. அந்த மனுஷனுக்கு ஆயுசு நூறு என்று அங்கேயே நின்று வாழ்த்தினேன்.

அவர்கள் வந்தார்கள். முதல் நாள் மதியம் மேசையைப் பார்த்தால் நீயே அசந்துபோயிருப்பாய். மசித்த காலிஃபிளவர் மேலே வெண்ணெய் உருகி நிற்கிறது. இன்னொரு காலிஃபிளவரைத் துருவி, தாளித்து, சோறு மாதிரி குவித்திருக்கிறேன். காளானுக்குள் சீஸ், சுட்ட கத்தரிக்காய், கீரை. சம்பந்தி ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் வாய் எடுப்பார். அன்றைக்கு எடுத்தவர் தட்டையே உற்றுப் பார்த்தார். சம்பந்தி அம்மாதான், "இது என்ன அரிசி, பொலபொலன்னு இருக்கே?" என்றார். "புது ரகம்" என்றேன். என் மகளுக்குப் புரையேறிவிட்டது, மாப்பிள்ளை தண்ணீர் எடுக்க ஓடினார். என் வீட்டுக்காரி ஒன்றும் நடக்காதது போல அந்தப் புது ரகத்தை இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

கேக் கதை தனி. முட்டை இல்லை, மைதா இல்லை, சர்க்கரை இல்லை, பாதாம் மாவு மட்டும். ஓவன் அடுப்புக்குள் கேக்காகப் போனது கூழாக வெளியே வந்தது. தூக்கிப் போடப் போனேன். வீட்டுக்காரி பிடுங்கி, கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, மேலே க்ரீமும் ஆளுக்கு ஒரு ஸ்ட்ராபெர்ரியும் வைத்து, ஸ்பூன் போட்டுக் கொண்டுபோய்விட்டாள். "இதுக்கு என்ன பேரு மாமா?" என்றார் மாப்பிள்ளை. "இதுக்கெல்லாம் பேர் வெக்கிறதில்ல மாப்பிள்ளை" என்றேன். அப்போது சம்பந்தியைப் பார்த்தேன், ஸ்பூனைக் கையில் பிடித்தபடி அவர் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார். என் சமையல் ஒருவரை அழவைக்கும் அளவுக்கு நன்றாக இருந்ததா, மோசமாக இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாளும் அப்படித்தான். தட்டு வந்ததும் அதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கண் கலங்கும். சாப்பிட்டு முடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு, "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, இவருக்குக் குடை எதற்கு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வாரத்தின் நடுவில் பல் டாக்டர் அம்மாவுக்கு ஒரு பாடம் பாக்கி இருந்தது. வழக்கமான இடத்துக்குத்தான் போனோம். அவர் ரிவர்ஸில் திணறிக்கொண்டிருக்க, நான் கண்ணாடி வழியாகப் பேக்கரிக்குள் பார்த்தேன். உள்ளே மூலை மேசையில் விரித்த குடை. குடைக்குப் பின்னால் ஒரு கை. கையில் பெரிய பன். அந்தக் கைக்கடிகாரம் எனக்குத் தெரிந்த கடிகாரம். காரை அந்த அம்மா பொறுப்பில் விட்டுவிட்டு இறங்கி உள்ளே போனேன்.

"சம்பந்தி!" என்றேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பன்னைக் குடைக்குள் போட்டுக் குடையை மடக்கிவிட்டார்.

"நீங்க இங்க எப்படி?" என்றார்.

"பார்க்கிங். நீங்க?"

"நடைப்பயிற்சி" என்றார், உட்கார்ந்துகொண்டே.

நான் குடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குச் சக்கரைன்னு உங்களுக்கு யார் சொன்னது? பையனுக்கே தெரியாது. உங்க வீட்டுல வந்து எனக்கு இது ஆகாது, அது ஆகாதுன்னு சொல்லி உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு நானும் என் சம்சாரமும் மூச்சே விடல. முதல் நாள் தட்டைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. சோறு இல்ல, கிழங்கு இல்ல, ஸ்வீட்ல சக்கரை இல்ல. ஒரு வார்த்தை கேக்காம, என் மானத்தைக் காப்பாத்தி, எல்லாருக்கும் அதையே சமைச்சுப் போட்டீங்க பாருங்க. கூடப் பொறந்தவங்ககூட இப்படிப் பண்ணினதில்ல சம்பந்தி. நானும் நன்றியோட தின்னுட்டுப் பேசாம இருக்கலாம்னுதான் பாத்தேன். முடியல. பன் ஞாபகமாவே இருக்கு."

அந்தப் பெருமையைச் சத்தம் போடாமல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம் அக்கா. மகளுடைய மாமனார் வாயால் இப்படி ஒரு வார்த்தை யாருக்குக் கிடைக்கும்? ஆனால் சுற்றிலும் ரொட்டி வாசனை, எனக்கும் பொய் சொல்கிற தெம்பு இல்லை. "சம்பந்தி, அது உங்களுக்காக இல்ல. எங்க அக்காவுக்காக" என்று ஆரம்பித்து, உன் உடம்பு, என் கொழுப்பு, ஸ்கேன், ஆபரேஷன், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாதியிலேயே என் குரல் உடைந்துவிட்டது. இதுவரை யாரிடமும் முழுசாகச் சொல்லாததால் இருக்கும். இந்த ஸ்கேனில் ஏதாவது தப்பாகப் போய்விட்டால் அக்காவைப் பறிகொடுத்துவிடுவேனே என்று ஒவ்வொரு வேளையும் பயந்துகொண்டே தின்கிறேன் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு குடையைத் திறந்து பன்னை எடுத்து, அதை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, மேசை மேல் வைத்துத் தள்ளினார். "உங்க அக்காவுக்கு சிக்னல் விழட்டும். அது வரைக்கும் நானும் இந்தப் பக்கம் வரல. நீங்களும் வரக் கூடாது" என்றார். சொல்லும்போது ஸ்டேஷன் மாஸ்டராகவே மாறிவிட்டார்.

அந்த நேரத்தில் பல் டாக்டர் அம்மா மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் கத்தாமல் விட்டதால் முதல் தடவையாகக் காரை ரிவர்ஸில் எடுத்து ஒரு கோடு தவறாமல் நிறுத்தியிருந்தார். சந்தோஷத்தில், "இது யாருக்காவது வேணுமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் கடிக்காத பக்கமாக அந்தப் பன்னைப் பிய்த்துத் தின்றுவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்கப்புறம் வீட்டில் ஒளிவுமறைவே இல்லை. சம்பந்தி தன் டாக்டருக்குப் போன் பண்ணி, இந்தச் சாப்பாட்டுக்கு மாத்திரையை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டுக்கொண்டார். சம்பந்தி அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என் அடுப்படிக்குள் வந்துவிட்டார். "அந்தப் புது ரகம் காலிஃபிளவர்னு முதல் வாயிலயே தெரியும் அண்ணா. நீங்க சொன்னப்ப உங்க முகத்தைப் பாத்தேன், பாவமா இருந்துச்சு, அதான் விட்டுட்டேன்" என்றார். வேகவைக்காமல், மிளகும் வெண்ணெயும் தடவி முழுப் பூவாகச் சுடுகிற வித்தையை அவர்தான் கற்றுக்கொடுத்தார். அதைச் சாப்பிட்ட அன்றைக்குத்தான் நான் பல மாதம் கழித்து இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். மாப்பிள்ளை தினமும் என்னை நடக்க இழுத்துக்கொண்டு போனார். சம்பந்தி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார், பேக்கரித் தெரு வந்தால் எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவார். ஊருக்குக் கிளம்பும்போது அவர் என்னைக் கட்டிக்கொண்டு, "எந்த விருந்துலயும் நான் இப்படிப் பசியோட சந்தோஷமா இருந்ததில்ல" என்றார். எனக்கும் அப்படித்தான். ஒரு வாரம் முழுவதும் ஒரு வீடே உனக்காக வாயைக் கட்டியிருக்கிறது அக்கா. அதில் உன்னைக் கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்தவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

இனி உன் வயிற்றில் பால் வார்க்கிற செய்தி. ஸ்கேன் எடுத்தாயிற்று. கொழுப்பு போய்விட்டது! டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, "ரெண்டும் ஒரே ஆளான்னு எனக்கே சந்தேகம்" என்றார். ரத்தக்குழாய்களைப் பார்க்கிற படம் ஒன்று மட்டும் வர வேண்டியிருக்கிறது, அது வெறும் சம்பிரதாயம் என்றுதான் நினைக்கிறேன். வெளியே வந்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். "சரி, வாங்க, காய் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆகவே அக்கா, இனிமேல் நீ வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இத்தனை காலிஃபிளவரைத் தின்று துடைத்து வைத்திருக்கிற கல்லீரலை நான் வேறு யாருக்குக் கொடுப்பேன்? அம்மா போன பிறகு என்னை உரிமையோடு திட்டுவதற்கு இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் இருக்கிறாய். அதை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அத்தானோடு கிளம்பி வா.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசியும் முத்தமும். உன் காலைத் தொட்டுக் கும்பிட்டு முடிக்கிறேன்; இப்போது குனிய முடிகிறது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

என்றும் உன் அதட்டலுக்குக் கட்டுப்பட்ட,
தம்பி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன். கவரைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். மேலே நான் அளந்தது அத்தனையும் வீணாகிவிட்டது. காலையில் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினார். என் ரத்தக்குழாய் பிரிகிற இடம் பிறவியிலேயே கோணலாம், அதில் கத்தி வைக்க முடியாதாம். கொழுப்பு போனாலும் என்னிடமிருந்து எடுக்க வழியில்லை என்றார். நான் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், விசித்து விசித்து அழுதுவிட்டேன் அக்கா. டாக்டர் என் தோளைத் தட்டி, "ஏன் சார் அழறீங்க? அதான் குடுக்கறவங்க ரெடியா இருக்காங்களே" என்று என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அதில் என் வீட்டுக்காரி உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அவள் ரத்தமும் உனக்குப் பொருந்துமாம். நான் மெஷினுக்குள் படுத்திருந்த நேரமெல்லாம் இவள் பக்கத்து அறையில் பரிசோதனைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் துணையாகத் தின்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, இவள் தன் கல்லீரலைத் தயார் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஒரே ஆளை நம்பி எப்படிங்க இருக்க முடியும்? அண்ணி விஷயமாச்சே" என்றாள். 'உங்க அக்கா' என்றுதான் இத்தனை வருஷமும் அவள் வாயால் கேட்டிருக்கிறேன். அண்ணி என்று சொன்னதும் எனக்கு மறுபடி அழுகை வந்துவிட்டது, அதற்கும் திட்டு வாங்கினேன்.

அடுத்த வாரமே ஆபரேஷன் என்கிறார்கள். எனக்கு இனிமேல் பத்தியம் இல்லை. வரும் வழியில் அவளே ஒரு முழு ரொட்டி வாங்கி என் மடியில் போட்டாள். அது இன்னும் மேசை மேல் அப்படியே இருக்கிறது, எனக்கு இறங்கவில்லை. அவள் தட்டில் இருப்பதையே எனக்கும் போட்டுக்கொண்டுவிட்டேன்.

கடிதம் கிடைத்த உடனே அவளுக்குப் போன் பண்ணு. என்னைக் கூப்பிடாதே, அவளைக் கூப்பிடு. வேண்டாம் என்று ஆரம்பிக்காதே, அவள் வைக்க விடமாட்டாள். நன்றி கின்றி என்றும் ஆரம்பிக்காதே, கோபம் வந்துவிடும். 'சாப்பிட்டியா'ன்னு கேளு அக்கா, அது போதும்.